இரண்டு பாடல்கள் சேர்ந்து ஓடும் அந்த அரை நிமிடம்

வாசகர் கேள்வி, மார்ச் 2

இப்போது எந்த மென்பொருளை எடுத்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பாடல்களின் தாளமும் ஒன்றாகிவிடுகிறது. சுருதி சேருமா சேராதா என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது. அப்படியிருக்க, மின்னணு நடன இசையில் டிஜே மிக்ஸ் செய்தேன், பாடல்களை இடைவெளி இல்லாமல் கோத்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் செய்த வேலைதான் என்ன? ஊரார் பாடல்களை வரிசையாக அடுக்குவதுதானே? அதை இணையத்தில் ஏற்றினால் காப்புரிமை என்று சொல்லி நீக்கியும் விடுகிறார்கள். இத்தனை மெனக்கெடுவது எதற்கு?

மார்ச் 2, இரவு 11.40

பதினெட்டு ஆண்டுகளாக மிக்ஸ் செய்கிறேன். பகலில் ஒலிக்கருவிகளை வாடகைக்கு விடும் இடத்தில் வேலை, இரவில் சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் ஹெட்ஃபோனும் கையுமாக உட்காருவது வழக்கம். அதனால் இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் பொத்தான் இல்லை. ஒரு காதில் அறையில் ஓடும் பாடல், மறுகாதில் ஹெட்ஃபோனில் அடுத்த பாடல். ஒன்று நிமிடத்திற்கு 122 டிரம் அடி, மற்றது 126. இரண்டையும் சேர்த்து விட்டால், ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போடும்போது ஒருத்தியின் கை பிந்தினால் எப்படி இருக்குமோ அப்படித் தடுமாறும். வேகம் கூட்டும் சறுக்குப் பொத்தானை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரண்டு டிரம்களும் ஒரே டிரம்மாகக் கேட்கும் வரை விடக்கூடாது. அதற்கே எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. பொத்தானை அழுத்திச் செய்பவரை நான் டிஜே என்று ஏற்கவே மாட்டேன்.

மார்ச் 3, காலை 7.15

நேற்று எழுதியதைப் பஸ்ஸில் படித்துப் பார்த்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறேன். கேட்டவர் கேட்டது பொத்தானைப் பற்றி மட்டுமல்ல. தாளம் தானாகச் சேர்ந்த பிறகு மனிதனுக்கு மிச்சம் என்ன வேலை என்றுதான் கேட்டார். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. இரவு எழுதுகிறேன். அப்பாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மார்ச் 3, இரவு 10.50

அப்பா முப்பது ஆண்டுகள் கோயில் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசித்தவர். இப்போது விரல் மூட்டுகள் வலிப்பதால் வாசிப்பதில்லை. ஆனால் எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் வலக்கை தொடைக்குப் போய்விடும். ஆதி தாளம் போடுவார்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை. வரவேற்பறை ஒலிபெருக்கியில் நான் புதிதாகச் செய்த மிக்ஸைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா செய்தித்தாள் படித்தபடி நாற்காலியில் இருந்தார். பாடலின் வேகம் 120. இரண்டு டிரம் அடிக்கு ஓர் எண்ணிக்கை என்று அவர் கை தானாகவே பிடித்துக்கொண்டது. 120 என்றால் நொடிக்கு ஓர் எண்ணிக்கை சரியாக விழும். எட்டு நொடிக்கு ஓர் ஆவர்த்தனம். கண் செய்தித்தாளில் இருக்க, கை மட்டும் தொடையில் நடந்துகொண்டிருந்தது.

முதல் பாடலிலிருந்து இரண்டாவது பாடலுக்குப் போகும் இடம் வந்தது. எனக்கு அந்த இடத்தில் மிகவும் பெருமை. டிரம்மோடு டிரம் ஒட்டி, இம்மி பிசகாமல் சேர்ந்திருந்தது. புதிய பாடலின் பேஸ், அதாவது அதன் தாழ்ந்த ஒலி, உள்ளே இறங்கியது. அப்பாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஐந்தாவது எண்ணிக்கைக்கான தட்டு போட வேண்டிய இடம். உள்ளங்கை தொடைக்கு நான்கு விரற்கடை மேலே அப்படியே நின்றது. செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுத்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

"ஏன் நடுவில் ஆரம்பிக்கிறான்?" என்று கேட்டார்.

தாளம் சேர்ந்திருந்தது. வேகம் சேர்ந்திருந்தது. ஆனால் புதிய பாடல் தன் முதல் எண்ணிக்கையைப் பழைய பாடலின் ஐந்தாவது எண்ணிக்கையில் வைத்துவிட்டது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் இன்னொருவர் தன் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டார். இருவரும் ஒரே வேகத்தில் பேசினார்கள் என்பதால் அது உரையாடல் ஆகிவிடுமா?

நான் பயன்படுத்திய மென்பொருள் இதைப் பிழை என்று சொல்லவில்லை. அதன் திரையில் எல்லாக் கோடுகளும் நேராக நின்றன. அப்பாவின் கைதான் சொன்னது.

மார்ச் 5, இரவு 9.30

கணக்கைச் சற்று விரித்துச் சொல்லுமாறு ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஹவுஸ், டெக்னோ என்ற மின்னணு நடன இசை வகைப் பாடல்கள் நான்கு நான்கு அடிகளாகக் கட்டப்படுகின்றன. நான்கு அடி ஒரு பார். எட்டு பார் சேர்ந்தால் 32 அடி. பாடலில் ஏதாவது மாறும் இடம் பெரும்பாலும் இந்த 32இன் எல்லையில்தான் வரும். ஒரு கைதட்டல் ஒலி சேரும், அல்லது ஹை ஹேட் என்ற சிறு தாளத்தட்டு திறக்கும், அல்லது எல்லாம் நின்று ஒரு மெட்டு மட்டும் மிஞ்சும். 120 வேகத்தில் 32 அடிக்கு 16 நொடி. 128 வேகத்தில் சரியாக 15 நொடி. அப்பாவின் கணக்கில் இரண்டு ஆவர்த்தனம்.

இந்தப் பாடல்களின் தொடக்கத்திலும் முடிவிலும் டிரம் மட்டும் ஓடும் நீண்ட பகுதிகள் இருக்கும். தனியாகக் கேட்பவருக்குச் சலிப்பாக இருக்கும். அவை மிக்ஸ் செய்பவருக்காகவே விடப்பட்ட திண்ணைகள். முந்தைய பாடல் கிளம்பும் முன் அடுத்த பாடல் வந்து உட்கார ஓர் இடம் வேண்டுமல்லவா?

இரண்டு பாடல்களும் சேர்ந்து ஓடும் அந்த அரை நிமிடத்தில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் பேஸ். இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் ஓடினால் சேறாகிவிடும். எந்தச் சுரம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஆகவே புதிய பாடலை அதன் தாழ்ந்த ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். எல்லை வரும் அந்த ஓர் அடியில் பழையதன் பேஸைக் குறைத்து, புதியதன் பேஸைக் கூட்ட வேண்டும். இரண்டு கைகளும் எதிரெதிராகத் திரும்பும். சரியாக விழுந்தால் கேட்பவருக்குப் பாடல் மாறியதே தெரியாது. அறையின் தரை மட்டும் மாறியிருக்கும்.

மார்ச் 6, காலை 6.50

முதல் நாள் நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொத்தானை அழுத்துபவரும் டிஜேதான். ஏழு மாதம் காதால் பழகிய நானே அப்பாவின் கையை நிறுத்தினேன். பொத்தானை மட்டும் அறிந்த ஓர் இளம் பெண், சென்ற ஆண்டு சமூக மன்ற நிகழ்ச்சி ஒன்றில் எனக்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசித்தார். ஓர் இடத்தில்கூட வாக்கியம் உடையவில்லை. தாளம் சேர்க்கும் வேலையைக் கருவியிடம் விட்டதால் கிடைத்த ஓய்வில் அவர் எதிரில் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வயதில் சறுக்குப் பொத்தானைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

காதால் சேர்க்கக் கற்றுக்கொள்வது நல்லது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாடல்களில், மனிதர் கையால் வாசித்த டிரம் இருந்தால், வேகம் ஏறி இறங்கும், கருவி திணறும். அங்கே காதுதான் துணை. ஆனால் அது தகுதிச் சான்றிதழ் அல்ல.

மார்ச் 8, மாலை 5.10

"இது நம் இசை இல்லையே, வெள்ளைக்காரன் கேளிக்கை விடுதியில் ஆடுவதற்குச் செய்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரன் என்பதே தவறு. ஹவுஸ் இசைக்குப் பெயர் கொடுத்தது சிகாகோவில் இருந்த வேர்ஹவுஸ் என்ற இடம். 1977இலிருந்து சில ஆண்டுகள் அங்கே இசைத்தட்டுகளைக் கோத்தவர் ஃபிராங்கி நக்கில்ஸ், கறுப்பினத்தவர். டெக்னோவைத் தொடங்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்ட்டுக்கு அருகே வளர்ந்த கறுப்பின இளைஞர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் கருவியையும் டிபி-303 பேஸ் கருவியையும் வைத்து, டிஸ்கோ தாளத்தின் மேல் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். அதே டிபி-303ஐ வைத்துச் சிகாகோ இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற புதுவகையைப் பதிவு செய்து வெளியிட்டது 1987இல். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பைரவ் ராகமும் யமன் ராகமும் அந்தக் கருவியில் ஏறியிருந்தன.

நான் இந்த இசையை முதலில் நின்று கேட்டது ஜியாக் கிம் ஸ்திரீட்டில். ஆற்றோரப் பழைய கிடங்குகளில் 1991இல் தொடங்கிய ஸூக் நடன விடுதி, 2016இல் கிளார்க் கீக்கு இடம் மாறும் வரை அங்கேதான் இருந்தது. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்த காலம். மொட்டைத் தலையோடு நண்பன் இழுத்துக்கொண்டு போனான். ஆடத் தெரியாது. சுவரோரம் நின்றேன். ஒரு பாடல் எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முயன்று, ஒரு மணி நேரம் ஆகியும் முடியவில்லை. திரும்பி வரும்போது இரவு பஸ்ஸின் இன்ஜின் சத்தத்தில்கூட நான்கு நான்காக எண்ணிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 11, இரவு 11.05

இனி கேள்வியின் மையத்திற்கு வருகிறேன்: எதற்கு மெனக்கெடுவது?

சென்ற மாதம் வரை நான் செய்த மிக்ஸ்கள் எல்லாம் ஒரு மணி நேரம். ஏன் ஒரு மணி நேரம் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. எல்லாரும் அப்படிச் செய்தார்கள். என் அக்கா தாதி. நொவீனாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் வேலை. காலை வேலை நாள்களில் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். "நீ அனுப்புவது எதையும் நான் பாதிக்கு மேல் கேட்டதில்லை தம்பி, அதற்குள் வார்டு வந்துவிடும்" என்றாள்.

வீட்டுக் கதவிலிருந்து வார்டு வாசல் வரை நாற்பது நிமிடம். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட, கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

ஆகவே அவளுக்காக ஒன்று செய்கிறேன். இரண்டு நாள் அவளோடு ஆறு மணிக்கே கிளம்பி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். மின்தூக்கி, கீழ்த்தளம், நிலையம், ரயிலுக்குக் காத்திருப்பது: ஏறத்தாழ பத்து நிமிடம். ஈசூன், காத்திப், இயோ சூ காங், அங் மோ கியோ, பீஷான்: பதின்மூன்று நிமிடம். பீஷானைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்திற்குள் இறங்கும். பிரேடல், தோ பாயோ, நொவீனா: எட்டு நிமிடம். பிறகு நடை ஒன்பது நிமிடம்.

ரயில் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. எனவே இரண்டு கோப்புகளாகப் பிரித்தேன். முதல் கோப்பின் கடைசிப் பகுதி நீண்ட டிரம்; ரயில் வரத் தாமதமானாலும் ஓடிக்கொண்டிருக்கும். கதவு மூடும் ஒலி கேட்டதும் இரண்டாவது கோப்பை அழுத்த வேண்டும். இரண்டாவது கோப்பு பதின்மூன்றாவது நிமிடத்தில், ரயில் இருட்டுக்குள் நுழையும் அந்த நொடியில், எல்லாம் ஒடுங்கி, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, கனமான பேஸ் இறங்கும். இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

மார்ச் 12, இரவு 10.20

பதிவு செய்துகொண்டிருக்கிறேன். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு அமைதி காக்க வேண்டிய நேரம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சுவர் வழியாகப் பேஸ் மட்டும் போய்ச் சேரும். மெட்டு போகாது, இடி மட்டும் போகும். அதனால் ஹெட்ஃபோன்.

புதிதாகப் பதிவு செய்பவர்கள் இதை மட்டும் கேளுங்கள்: ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாடல்கள் சேரும் இடத்தில் அளவு தானாக ஏறும். பதிவில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு; அதைத் தாண்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை முழுதாக மீட்க வழியில்லை. குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். முதலில் சுருக்கப்படாத வேவ் கோப்பாக எடுங்கள். நாற்பது நிமிடத்திற்கு 400 எம்பிக்குச் சற்று மேல் வரும். அனுப்பும்போது 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 96 எம்பிதான். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

மார்ச் 15, மாலை 4.30

அக்கா கேட்டுவிட்டாள். பதின்மூன்றாவது நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்துக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன்" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மறுநாள் அவளோடு போய், அவளுடைய இயர்ஃபோனையே மாட்டிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்னது உண்மை. திறந்த வெளியில் ஓடும்போது ரயிலின் சத்தம் மரங்களுக்கும் வானத்திற்கும் போய்விடுகிறது. சுரங்கத்தில் போக இடமில்லாமல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அந்த உறுமல் முழுக்கத் தாழ்ந்த ஒலி. என் பேஸும் தாழ்ந்த ஒலி. பெரிய உறுமல் சின்ன உறுமலை விழுங்கிவிட்டது. நான் வீட்டில் நிசப்தத்தில் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுச் சுரங்கத்திற்கு மிக்ஸ் செய்திருக்கிறேன். ஒலிக்கருவி வேலையில் இருப்பவன் நான். மண்டபத்துக்கு மண்டபம் ஒலி மாறும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்பவன். ரயிலும் ஒரு மண்டபம்தான் என்று தோன்றவில்லை.

"ஒலியைக் கூட்டிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். அக்கா கூட்ட மாட்டாள், கூட்டவும் கூடாது. 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. அளவு ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும். என் மிக்ஸுக்காக அவள் காதைக் கேட்பது நியாயம் இல்லை.

எனவே 11ஆம் தேதி நான் எழுதிய திட்டம் தலைகீழாக வேண்டும். பேஸ் இறங்க வேண்டிய இடம் சுரங்கம் அல்ல. காத்திப்பை விட்டு இயோ சூ காங் வரை ரயில் நிற்காமல் ஓடும் அந்த நீண்ட தூரம். இரு பக்கமும் மரம், அந்த நேரத்தில் இன்னும் பொழுது விடியவில்லை, நிலைய அறிவிப்புகூட இல்லை. அங்கே பேஸுக்கு முழு இடம் உண்டு. சுரங்கத்திற்குள் நுழைந்ததும் மெட்டு மேலே வர வேண்டும்: மணி போன்ற ஒலி, குரல், கைதட்டல். ரயிலின் உறுமலையே பேஸாக வைத்துக்கொண்டால் போதும்.

மார்ச் 16, இரவு 12.10

பாடல்களை மாற்றி அடுக்கும்போது சுருதி இடித்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

எந்தச் சுருதி எதோடு சேரும் என்று பார்க்க டிஜேக்கள் கேமலாட் சக்கரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கடிகாரம் போலப் பன்னிரண்டு எண்கள், ஒவ்வொன்றிலும் ஏ என்ற மைனர், பி என்ற மேஜர் என்று இரண்டு சுரவரிசைகள். 8ஏ என்பது ஏ மைனர். பக்கத்தில் உள்ள 9ஏ இ மைனர். இரண்டுக்கும் ஏழு சுரங்களில் ஆறு பொது, ஒன்றுதான் மாறும். அதனால் 8ஏவிலிருந்து 9ஏவுக்கோ 7ஏவுக்கோ 8பிக்கோ போனால் காது உறுத்தாது. ராகமாலிகையில் ஒரு ராகத்தை விட்டு அடுத்ததற்குப் போகும்போது பொதுவான சுரத்தில் நின்று அடியெடுத்து வைப்பது அப்பாவுக்குப் பழக்கமான விஷயம். சக்கரத்தை விளக்கியபோது அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆனால் சக்கரம் சொல்வதை மட்டும் கேட்டுப் போனால் எல்லாம் வழுவழுவென்று இருக்கும். பீஷானில் எனக்கு ஒரு தாவல் தேவைப்பட்டது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு. 5ஏவிலிருந்து 12ஏவுக்குத் தாவினேன், சக்கரப்படி அது ஆகாத இடம். டிரம் மட்டும் ஓடும் எட்டுப் பாரை நடுவில் விட்டேன். சுரமே இல்லாத அந்த 16 நொடியில் காது பழையதை மறந்துவிடுகிறது.

மார்ச் 19, இரவு 9.45

பகிர்வது பற்றி. கேள்வி கேட்டவருக்கு இதில் நியாயமான வருத்தம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதம் உழைத்த மிக்ஸை ஒரு பெரிய தளத்தில் ஏற்றினேன். பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. தானியங்கி ஒப்பீடு ஒரு பாடலை அடையாளம் கண்டு, முழு மிக்ஸையும் எடுத்துவிட்டது. அன்று அழுகை வராத குறை.

இப்போது யோசித்தால் அந்தத் தளத்தின் மேல் இருந்த கோபம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. பாடல்கள் என்னுடையவை அல்ல. மிக்ஸில் என்னுடையது வரிசையும் அந்த அரை நிமிடங்களும்தான். மிக்ஸ்கிளவுட் போன்ற தளங்கள் உரிமையாளர்களோடு உரிமம் செய்துகொண்டு, மிக்ஸில் என்னென்ன பாடல்கள் ஓடின என்று கண்டறிந்து உரிமைத்தொகை கொடுக்கின்றன. அதனால்தான் அங்கே கேட்கலாம், பதிவிறக்கம் செய்ய முடியாது. நான் பொதுவில் வைப்பதை எல்லாம் அங்கே மாற்றிவிட்டேன். சிங்கப்பூரில் பொது நிகழ்ச்சியில் வாசிப்பது வேறு கதை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையை 1987இலிருந்து காம்பஸ் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நிகழ்ச்சியை நடத்துபவர் உரிமம் வாங்கியிருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாடல்களைக் காசு கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் பாடல் ஒன்றை வாங்கினால் தளம் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் போக மிச்சம் செய்தவருக்கே போகும். ஒரு பாடலுக்கு, ஒரு காப்பிக்கடைக் காலை உணவுக்கு ஆகும் காசுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பாடல் பட்டியல். எந்த நிமிடத்தில் யாருடைய பாடல், என்ன பெயர், யார் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மிக்ஸில் ஆறாவது பாடலின் விவரம் தேடிக் கிடைக்காமல் "தெரியவில்லை" என்று போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஜகார்த்தாவிலிருந்து ஒருவர் எழுதினார்: "அது என்னுடையது. என் பாட்டை யாரோ கேட்டு இன்னொன்றோடு கோத்திருப்பதை முதல் முறையாகக் கேட்கிறேன்." கோபமே இல்லை. நான் அன்றிரவே திருத்தினேன். ஆனால் மூன்று மாதம் அவர் பெயர் அங்கே இல்லாமல் போனது போனதுதான்.

மார்ச் 20, காலை 7.05

விட்டுப்போனது: பாடலை வாங்கும் அன்றே பெயரையும் கோப்பிலேயே பதிந்துவிடுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது.

மார்ச் 24, இரவு 10.15

இரண்டாவது வடிவத்தை அக்காவின் கைபேசியில் ஏற்றி நான்கு நாள் ஆகிறது. காத்திப்பைத் தாண்டியதும் பேஸ் இறங்குகிறது. நேற்று நான் கூடப் போகவில்லை. இரவு சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: "அந்த மரங்களுக்கு நடுவில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்வது போல இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், அதிரவில்லை."

அப்பாவையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். பதின்மூன்றாவது நிமிடம் வந்தது. அந்த எட்டுப் பார் வெற்று டிரம்மில் கை இரண்டு ஆவர்த்தனம் போட்டது: தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, மறுபடியும். மெட்டு வந்தபோது கை தட்டில் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, செய்தித்தாளைப் புரட்டினார்.

கேள்வி கேட்ட நண்பரே, மனிதனுக்கு மிச்சமுள்ள வேலை இதுதான் என்று நினைக்கிறேன். மென்பொருளுக்கு 120 தெரியும், 8ஏ தெரியும். என் அக்கா எந்த நிலையத்தில் இருக்கிறாள் என்று தெரியாது.

இப்போது அவள் வேறொன்று கேட்கிறாள். மாலையில் திரும்பி வருவதற்கு. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால்கள், ரயிலில் உட்கார இடம் கிடைக்காது, சுரங்கம் முதலில், வெளிச்சம் பிறகு. காலை மிக்ஸைத் திருப்பிப் போட்டால் சரிவராது, போட்டுப் பார்த்துவிட்டேன். 110க்கு மேல் வேகம் வேண்டாம் என்று தோன்றுகிறது. முதல் பாடலாக டிரம்மே இல்லாத ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். நாளை அவளுக்குக் காலை வேலை, மூன்றரை மணிக்கு நொவீனா நிலையத்தில் காத்திருந்து அவளோடு ஏறப் போகிறேன்.